மழைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்து அனுப்புவது எப்படி

சிங்கப்பூரில் கோவன் பக்கம் ஒரு மூலைத் தரை வீடு, அடுக்குமாடி இல்லாத தனி வீடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு நவம்பர் மாலையில் வாட்சாப்பில் ஒரு காணொளி அனுப்பினார். கார் நிறுத்தும் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அவருடைய ரப்பர் செருப்பு ஒன்று அதில் மிதந்தபடி கேட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. “இருபது நிமிஷத்தில் வடிந்துவிடுகிறது தம்பி. ஆனால் பெரிய மழை வரும்போதெல்லாம் இதே கதை. தரையை உயர்த்திவிடலாமா?” என்று கேட்டிருந்தார்.

உயர்த்தலாம். அப்புறம் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். கடைசியில் எல்லாருடைய தண்ணீரும் ஒரே நேரத்தில் லோங்காங்கில், அதாவது ரோட்டோர வடிகாலில், போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். சிங்கப்பூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. தோட்ட வேலையில் சேர்ந்து, இப்போது மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே வந்தது எப்போது போகும் என்று லோங்காங்கைப் பார்க்கிறோம். கை செய்யும் வேலை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: கரை கட்டு, தேக்கு, மிஞ்சுவது வழியக் கலிங்கு வை, வழியவிடு. சார் வீட்டில் அதைத்தான் செய்தோம். அதை இங்கே மழைத்தோட்டம் என்கிறார்கள். தரைமட்டத்தைவிடத் தாழ்வாக, மணல் கலந்த மண் நிரப்பிச் செடி வைத்த ஒரு பாத்தி. கூரைத் தண்ணீர் அதில் இறங்கி, நின்று, வடிகட்டப்பட்டு, அடியில் உள்ள குழாய் வழியாக மெதுவாக வெளியேறும்.

“மெதுவாக” என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஊரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அளவைவிட வேகம்தான் பிரச்சினை. மதியம் மூன்று மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஐந்து மணிக்கு வெயில் அடிக்கும். கான்கிரீட், தார், ஓடு எல்லாவற்றிலும் விழுந்த தண்ணீர் ஒரே சமயத்தில் கால்வாய்க்கு ஓடுகிறது. 2010 ஜூன் 16 காலையில் ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் வந்தபோது, சுமார் இரண்டு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்திருந்தது. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயால் தாங்க முடியவில்லை. பிறகு அந்தக் கால்வாய்க்காக ஒரு பெரிய நிலத்தடித் தொட்டி கட்டி 2018-இல் முடித்தார்கள். 38,000 கன மீட்டர் கொள்ளும். கால்வாய் நிரம்பும்போது மிஞ்சும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழை விட்டபின் வெளியேற்றும். நாம் எட்டுச் சதுர மீட்டரில் செய்யப்போவது அதே காரியத்தைத்தான்.

2014 முதல், 0.2 ஹெக்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள புதிய கட்டுமானங்கள் மழைநீரைத் தம் இடத்திலேயே தாமதப்படுத்தி அனுப்ப வேண்டும் என்பது, இங்கே தண்ணீரையும் வடிகாலையும் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி. 0.2 ஹெக்டர் என்றால் 2,000 சதுர மீட்டர். சாதாரணத் தரை வீடு அந்தக் கணக்குக்குள் வராது. உங்களை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. செய்தால் நீங்களாகச் செய்வதுதான்.

முதலில் மழையைப் பாருங்கள்

சாங்குலை, அதாவது மண்வெட்டியை, தூக்குவதற்கு முன் ஒரு பெரிய மழைக்குக் காத்திருங்கள். இதை நான் சொன்னால் யாரும் பொருட்படுத்துவதில்லை. “எந்தப் பக்கம் தண்ணீர் வருகிறதென்று எனக்குத் தெரியாதா” என்பார்கள். தெரியாது. சார் முப்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறார். ரோட்டுத் தண்ணீர்தான் கேட் வழியாக உள்ளே வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். மழையில் நின்று பார்த்தால், ஒரு சொட்டுகூட வெளியிலிருந்து வரவில்லை. முன்பக்கக் கூரையின் இரண்டு குழாய்களும், அவரே போட்ட முற்றத்துக் கூரையும் சேர்ந்து, முழுக்க ஓடு பதித்த தரையில் தண்ணீரைக் கொட்டின. வீட்டு வடிகாலின் கம்பி மூடியில் மாவிலை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆக, அது அவருடைய தண்ணீரேதான்.

இடி மின்னல் இருந்தால் வாசலுக்குள் நின்று பாருங்கள், திறந்த வெளிக்குப் போக வேண்டாம். கைபேசியில் பத்து நிமிடம் படம் பிடித்தால் போதும். தண்ணீர் எங்கே முதலில் தேங்குகிறது, எந்தக் குழாய் அதிகம் கொட்டுகிறது, மழை விட்டு எத்தனை நிமிடத்தில் வடிகிறது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

பயப்படும் கணக்கு இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இதை மட்டும் மனத்தில் வையுங்கள். சார் வீட்டில் அந்த இரண்டு குழாய்களுக்கும் தண்ணீர் அனுப்பும் பரப்பு, முற்றத்துக் கூரையையும் சேர்த்து 60 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர். தோட்டம் 4 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது 8 சதுர மீட்டர். அதன்மேல் நேராக விழுவது 400 லிட்டர். மொத்தம் 3,400.

தோட்டத்தில் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிற்கலாம் என்று வைத்தோம். அதில் 1,200 லிட்டர். அடியில் 40 சென்டிமீட்டர் மணல் மண். அதன் இடுக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 640 லிட்டர். நல்ல கலவையில் தண்ணீர் மணிக்கு 10 சென்டிமீட்டர் இறங்கும், ஆகவே அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடிக்குழாய் வழியாகப் போவது 800 லிட்டர். கூட்டிப் பார்த்தால் 2,640. மிச்சம் எழுநூற்றுச் சொச்சம் லிட்டர் கலிங்கு வழியாக நேராக லோங்காங்குக்குப் போகும். போகட்டும். முன்பு 3,400 லிட்டரும் ஒரே பாய்ச்சலில் போனது.

சின்ன இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்லும் அளவு: தோட்டம் கூரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். இது என் கைப்பழக்கம், விதி இல்லை. அவ்வளவு இடம் இல்லையா? ஒரே ஒரு குழாயை மட்டும் தோட்டத்துக்குத் திருப்புங்கள். எல்லாக் குழாயையும் ஒரு சின்னக் குழியில் விட்டால் அது தோட்டமாக இருக்காது, சேற்றுக் குட்டைதான்.

சிங்கப்பூர் மண் குடிக்காது

வெளிநாட்டுக் காணொளிகளில் ஒரு பள்ளம் தோண்டிச் செடி நடுவார்கள். தண்ணீர் தானாக மண்ணுக்குள் போய்விடும். அதைப் பார்த்து இங்கே அப்படியே செய்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே பல இடங்களில் அடிமண் களிமண். மழைக்காலத்தில் அது ஏற்கெனவே ஊறிப்போய் இருக்கும். சந்தேகம் இருந்தால் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்க விடுங்கள். மறுபடியும் நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறதென்று பாருங்கள். சார் வீட்டில் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. அவர் குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோப்பி குடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் பார்த்தார்.

அதனால் இங்கே மழைத்தோட்டம் என்றால் அடியில் துளைக்குழாய் கட்டாயம். தண்ணீரை மண்ணுக்குள் தொலைத்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வடிகட்டித் தாமதமாக அனுப்புவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

தோண்டும் முன்

சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளுங்கள். இடம் இல்லையென்றால் குழியின் பக்கங்களிலும் அடியிலும் தடித்த நீர்புகா விரிப்பைப் போட்டு, தண்ணீர் அத்திவாரத்துப் பக்கம் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரைக்கடியில் மின்கம்பி, எரிவாயுக் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகின்றன என்று வரைபடம் பார்க்காமல் தோண்டவே கூடாது. தெரிந்த ஆளை வைத்துச் சரிபாருங்கள். இந்த விஷயத்தில் தைரியசாலிகளை எனக்குப் பிடிக்காது.

அடுத்தது மட்டம். பலர் இடறி விழும் இடம் இதுதான். உங்கள் துளைக்குழாய் எங்கே போய் விழும்? வீட்டு வளவுக்குள் வடிகால் போய்ச் சேரும் கடைசித் தொட்டியில். அந்தத் தொட்டியின் தரை, குழாயின் அடியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். சார் வீட்டில் தொட்டி 95 சென்டிமீட்டர் ஆழம். நாங்கள் 85 சென்டிமீட்டர்தான் தோண்டினோம். 6 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் சரிவு கிடைத்தது. உங்கள் தொட்டி 60 சென்டிமீட்டர்தான் என்றால், கீழே போக முடியாது. பக்கச் சுவர் எழுப்பி, தரைக்கு மேலே பெட்டி மாதிரி தோட்டம் கட்டிக் கூரைக் குழாயை அதற்குள் விடுங்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

வளவுக்குள் உள்ள வடிகாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரோட்டோரத்துப் பொது வடிகாலை உடைப்பதோ, குறுக்குவதோ, மேலே பலகை போட்டு மூடுவதோ பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி இல்லாமல் கூடாது. இன்னொன்று: கழிவுநீர்க் குழாயில் மழைநீரைச் சேர்த்துவிடாதீர்கள். இங்கே இரண்டும் தனித்தனிப் பாதை. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. லோங்காங்கில் போகும் தண்ணீரில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்துக்குப் போய், சுத்திகரித்துக் குழாயில் திரும்பி வருகிறது. காரைச் சோப்புப் போட்டுக் கழுவி அந்த நுரையை வடிகாலுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுக்குகள்

இரண்டு பேர் இரண்டு நாள் தோண்டினோம். குழியின் அடியில் 15 சென்டிமீட்டருக்குக் கழுவிய சின்னக் கல். அதற்குள் 100 மில்லிமீட்டர் துளைக்குழாய், சரிவாக. குழாயின் மேல்முனையில் ஒரு நேர்குழாயை இணைத்துத் தரைக்கு மேலே மூடியோடு நிறுத்திவிடுங்கள். பின்னால் அடைப்பு எடுக்க ஹோஸ் விடுவதற்கு அதுதான் வழி. அதை விட்டுவிட்டால் அடைப்பு வரும் அன்று முழுத் தோட்டத்தையும் கிண்ட வேண்டும்.

கல்லின் மேல் 10 சென்டிமீட்டர் பரு மணல். அதன் மேல் 40 சென்டிமீட்டர் வடிகட்டு மண். இந்த வடிகட்டு மண்ணில்தான் நான் ஒரு தடவை நன்றாக அடி வாங்கினேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டுக் குடியிருப்பில் வேலை. செடி செழிக்க வேண்டுமே என்று பையில் விற்கும் கறுப்பு உரமண்ணைத் தாராளமாகப் போட்டேன். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே துணி விரிப்பும் போட்டேன், மண் கீழே இறங்கக் கூடாதென்று. முதல் மாதம் பச்சைப்பசேல். இரண்டாம் மாதம் மண்ணின் நுண்துகள் எல்லாம் போய்த் துணியில் படிந்து, துணி தார்ப்பாய் மாதிரி ஆகிவிட்டது. மூன்று நாள் தண்ணீர் நின்றது. குனிந்து பார்த்தால் கொசுப்புழு நெளிகிறது. கூலி இல்லாமல் முழுக்க வாரி வெளியே போட்டு, திரும்பப் போட்டோம். அந்த வாரம் என்னோடு வேலை செய்த தம்பிகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அதிலிருந்து துணியைத் தவிர்த்துவிட்டேன். நடுவில் போடும் பரு மணலே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கலவை: ஏழு பங்கு கழுவிய மணல், இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு இருக்கும். கலந்ததும் சோதித்துப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியின் அடியில் துளைகள் போட்டு, கழுத்தை வெட்டிவிட்டு, பாதிக்குக் கலவையை நிரப்புங்கள். இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். மூன்றாம் தடவை மண்ணுக்கு மேலே 10 சென்டிமீட்டர் நிற்கும்படி ஊற்றி நேரம் பாருங்கள். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கினால் சரி. ஐந்து நிமிடத்தில் ஓடிவிட்டால் செடி காய்ந்துபோகும், கொஞ்சம் மேல்மண் சேருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் இன்னும் மணல்.

குழிக்குள் நிரப்பும்போது மிதிக்காதீர்கள், உருளை விடாதீர்கள். தண்ணீர் தெளித்தால் தானாக அமரும். மேல்மட்டம் தரையைவிட 20 சென்டிமீட்டர் தாழ்வாக, சமமாக இருக்க வேண்டும். மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள். கண்ணளவு இங்கே ஏமாற்றும். ஒரு மூலை இரண்டு விரற்கடை பள்ளமாக இருந்தாலும் தண்ணீரும் வண்டலும் அங்கேயே போய்ச் சேரும்.

கலிங்கு

ஏரிக்குக் கலிங்கு இல்லாவிட்டால் கரை உடையும். இங்கே உடையக் கரை இல்லை, ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். தோட்டத்தின் ஒரு ஓரத்தில், மண்ணின் மேல்மட்டத்திலிருந்து சரியாக 15 சென்டிமீட்டர் உயரத்தில் வாய் வைத்த ஒரு நிற்கும் குழாய். அதன் மேல் கவிழ்த்த கூடை மாதிரி கம்பி மூடி. தட்டை மூடி போட்டால் ஒரு மாவிலை போதும் அடைக்க. தண்ணீர் 15 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்த வாய் வழியாகக் கடைசித் தொட்டிக்குப் போய்விடும். தரைமட்டத்துக்கு இன்னும் 5 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். அந்த 5 சென்டிமீட்டர்தான் உங்கள் தூக்கத்துக்கு உத்தரவாதம்.

கூரைக் குழாய் தோட்டத்துக்குள் விழும் இடத்தில் உள்ளங்கை அளவுக் கற்களைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மண்ணில் குழி பறித்துவிடும். ஊரில் மடைவாயில் கல் போடுவோமே, அதே காரணம்.

செடி

மூன்று நாள் மழையில் நனையவும் வேண்டும், பத்து நாள் வெயிலில் மணலில் நிற்கவும் வேண்டும். இரண்டையும் தாங்குவதைத்தான் நட வேண்டும். என் முதல் தேர்வு வெட்டிவேர். தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) பானைத் தண்ணீருக்கு வாங்கும் அந்தக் காய்ந்த வேர் இல்லை, நாற்றுப்பண்ணையில் உயிர்க்கட்டையாகக் கேளுங்கள். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும். அது இறங்கும் தடத்தில் தண்ணீரும் இறங்கும், மண் இறுகாது. நடுவில் வெட்டிவேரும் குடைக்கோரையும், தண்ணீர் விழும் கற்களுக்குப் பக்கத்தில் கல்வாழை, மேட்டோரத்தில் இட்லிப்பூ. அக்கா, அதாவது சார் வீட்டம்மா, ஒரு மூலையில் பண்டான் வேண்டும் என்றார். வைத்துக் கொடுத்தேன். நன்றாகத்தான் வருகிறது. ஆனால் கூரைத் தண்ணீரில் பறவை எச்சமும் தூசியும் கலந்து வரும், சமையலுக்கு எடுப்பதை வேறு தொட்டியில் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பாரா என்று தெரியவில்லை.

சதுர மீட்டருக்கு ஆறு கன்றாவது நெருக்கமாக நடுங்கள். இடைவெளி விட்டால் களை வந்து உட்காரும். மரம் வேண்டாம், வேர் துளைக்குழாயைத் தேடிப் போகும். மரச்சீவல் பரப்பாதீர்கள், முதல் மழையில் மிதந்து கலிங்கை அடைக்கும், சின்னக் கல் பரப்பலாம். உரமும் தேவையில்லை. போட்டால் அது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும்.

நட்டு ஆறு வாரம் வரை கூரைக் குழாயை இணைக்காமல் இருந்தால் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். அந்த நாட்களில் மழை இல்லாவிட்டால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மழைத்தோட்டத்துக்கு ஹோஸ் பிடிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாராம்.

கொசு

இந்த ஊரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி இதுதான், கேட்கவும் வேண்டும். ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணயத்தளவு தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம். நம் தோட்டத்தில் தண்ணீர் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் அங்கே பிரச்சினை வராது. எந்தக் காரணத்தாலாவது 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே பாருங்கள். உண்மையான ஆபத்து கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது: கடைசித் தொட்டியின் அடியில் தேங்கும் ஓரங்குலம், கூரைத் தகரக் கால்வாயில் இலை அடைத்து நிற்பது, பூந்தொட்டித் தட்டு. தொட்டியின் அடியைச் சிமெண்டால் வெளிவாயை நோக்கிச் சரித்துவிட்டால் அது காய்ந்துவிடும்.

மழைநீர்ப் பீப்பாய் வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 200 லிட்டர் பீப்பாய் நிரம்பியே இருந்தால் வெள்ளத்துக்கு அது ஒரு உதவியும் செய்யாது. நேற்றைய மழையில் நிரம்பியதற்கு இன்றைய மழையில் இடமேது? கீழ்க் குழாயைச் சொட்டு விடும் அளவுக்குத் திறந்து தோட்டத்துக்கு விட்டுவையுங்கள். அடுத்த மழைக்குள் காலியாகிவிடும். வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள்.

கார் நிற்கும் இடம்

சாரிடம் நான் அடம்பிடித்து வாங்கிய இன்னொரு வேலை இது. முற்றத்து ஓட்டில் பாதியைப் பெயர்த்தோம். கார் சக்கரம் போகும் இரண்டு பட்டை மட்டும் கல் தளம். நடுவிலும் ஓரத்திலும் புல்கல், அதாவது புல் வளரத் துளை விட்ட கல். கல் தளத்துக்கும் சிமெண்ட் பூச்சு இல்லை. அடியில் துகள் இல்லாத ஜல்லி, மேலே கரடு மணல், இடுக்கில் சின்னக் கல். இடுக்கைச் சிமெண்டால் நிரப்பினால் அழகாக இருக்கும் என்று கல் பதிக்க வந்தவர் பிடிவாதம் பிடித்தார். நிரப்பினால் எதற்கு இவ்வளவு பாடு? வருடத்துக்கு ஒரு தடவை இடுக்கில் சேரும் அழுக்கைக் கூட்டி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும்: வேலை முடியும்வரை சிமெண்ட் கழுவிய தண்ணீர் மழைத்தோட்டத்துக்குள் போகாமல் மணல் மூட்டை அடுக்கி அடைத்துவிடுங்கள். சிமெண்ட் பால் ஒரு தடவை இறங்கினால் மேல் மண் முழுக்க மாற்ற வேண்டியதுதான்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்கள்

நானும் அப்படித்தான், அறை வாடகைக்கு. தரை நம்முடையதல்ல. புளோக்குக்குக் கீழே நாமாக ஒரு குழி தோண்ட முடியாது. சமூகத் தோட்டம் இருந்தால், வெளியோர வரம்பை ஒரு இடத்தில் தாழ்த்தி நடைபாதைத் தண்ணீரை உள்ளே விடலாமா என்று தோட்டக் குழுவிடமும் நகர மன்றத்திடமும் பேசிப் பார்க்கலாம். வடிகால் மூடி அடைத்திருந்தால் படம் எடுத்து ஒன்சர்வீஸ் என்ற புகார்ச் செயலியில் போடுங்கள். புங்கோலில் வாட்டர்வே ரிட்ஜஸ் புளோக்குகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். பேட்டை அளவில் மழைத்தோட்டம் எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும். பலர் அதை வெறும் பூச்செடி என்று நினைத்துக் கடந்து போகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் உட்காரும் இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. அங்கே காலாங் ஆற்றின் 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012-இல் திறந்தது. கனமழையில் ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலத்துக்கு விரியும். பூங்காப் புல்வெளியே அப்போது ஆற்றுப் படுகை. கரையில் பிடிமானத்துக்குக் கல்லும் செடியும் வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தே நான் பாதி வேலையைக் கற்றேன். மழை வரும் அறிகுறி தெரிந்தால், எச்சரிக்கை மணி அடித்தால், கரையை விட்டு மேலே வந்துவிடுங்கள். தண்ணீர் ஏறும் வேகம் நம் கால் வேகத்தைவிட அதிகம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டம் போட்டால் வெள்ளமே வராது என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 1978 டிசம்பர் 2-ஆம் தேதி பாயா லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது. சாருக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. அந்த மாதிரி மழைக்கு என் எட்டுச் சதுர மீட்டர் தாங்காது. அதற்குக் கால்வாயும் தொட்டியும் மரினா அணைக்கட்டின் பம்புகளும்தான் வேண்டும். 1970-களில் 3,200 ஹெக்டர் வெள்ளம் வரும் இடமாக இருந்தது இப்போது 30 ஹெக்டருக்குள் வந்திருப்பதற்குப் பெரும்பங்கு அந்தப் பெரிய வேலைகள்தான் காரணம். நம் வேலை வாரா வாரம் வரும் மதிய மழைக்கு.

பராமரிப்பு

மாதம் ஒரு தடவை கலிங்கு மூடியிலும், தண்ணீர் விழும் கற்களுக்கு இடையிலும் உள்ள இலையைப் பொறுக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கற்களுக்குப் பக்கத்தில் படியும் வண்டலை விரல் கனத்துக்குச் சுரண்டி எடுங்கள். வயலுக்கு வண்டல் வரம், வடிகட்டுக்கு அது எமன். அக்டோபர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நேர்குழாயின் மூடியைத் திறந்து ஹோஸ் விட்டுப் பாருங்கள். கடைசித் தொட்டியில் தெளிந்த தண்ணீர் தாராளமாக வந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. வெட்டிவேரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு அறுங்கள். இலை ஊதும் இயந்திரம் வைத்திருக்கும் தோட்டக்காரர் வந்தால், இலையைத் தோட்டத்துக்குள் ஊதித் தள்ளாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்கிறேன்.

சார் ஒரு பழைய மாணவர் நோட்டை இதற்கென்றே வைத்திருக்கிறார். மழை நின்ற நேரம், தோட்டத்தில் தண்ணீர் மறைந்த நேரம் இரண்டையும் சிவப்பு மையில் எழுதுகிறார். போன வாரக் கணக்கு: 4.10-க்கு மழை நின்றது, 5.50-க்குத் தரை தெரிந்தது. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் எனக்கு வாட்சாப் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை மாற்றும் நேரம் வந்திருக்கும்.